நீலம் வெளுத்த பால்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் நான் பதினெட்டு வருஷம் டெஸ்டராக வேலை பார்த்தேன். உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் வந்தால், திராட்சைத் தோட்டங்கள் முடிந்து தென்னை ஆரம்பிக்கிற இடத்தில் ஊர். சங்கம் என்றால் பெரிய கட்டிடம் ஒன்றும் இல்லை. சிமெண்ட் ஓடு போட்ட ஒரே அறை, முன்னால் ஒரு தளம், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. காலை ஐந்தே முக்காலுக்கு நான் பூட்டைத் திறக்கும்போது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் ரோட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அதில் போகிற பெண்களில் பாதிப் பேர் அதற்கு முன்பே மாட்டைக் கறந்து, பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார்கள்.

இப்போது தேனியில் மகன் வீட்டில் இருக்கிறேன். இன்னமும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் காதுக்குள் முதலில் கேட்பது காலி கேன்களைத் தளத்தில் இறக்கும் சத்தம்தான். மார்கழியில் கேன் வாயிலிருந்து எழும்பும் ஆவி, பால் ஊற்ற வந்தவர்களின் ஊர்க்கதை, கையில் ஒட்டிக்கொண்டு குளித்தாலும் போகாத அந்தப் பால் வாடை எல்லாம் சேர்ந்து வரும். சம்பளம் சின்னது. ஆனால் அந்த அறைக்குள் நான் இருந்த மாதிரி வேறு எங்கும் இருந்ததில்லை.

பால் ஊற்றுகிறவர்களுக்கு டெஸ்டரம்மா என்றால் கொஞ்சம் பயம் இருந்தது. நீளக் கைப்பிடி வைத்த சின்ன அகப்பையால் அவரவர் பாத்திரத்திலிருந்து கொஞ்சம் பால் எடுப்பேன். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பேன். தண்ணீர் கலந்திருந்தால் அது கூடுதலாக அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்போதெல்லாம் எங்களுக்கு இரண்டே கவலைதான்: தண்ணீர் கலந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு. பாலில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு உண்டு என்பதை யாரும் பேசியதில்லை.

வரிசையில் தினமும் முதல் ஆளாக நிற்பவர் ஒரு பெண். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சொந்தம் இல்லை என்றாலும் நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கணவர் மலைமேல் ஒரு எஸ்டேட்டில் வேலை. மாதம் ஒருமுறை இறங்கி வருவார். மதினி வீட்டில் இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள். எவர்சில்வர் தூக்கில் பாலைக் கொண்டுவந்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். அதிகம் பேச மாட்டார். ஊற்றுவார், சீட்டை வாங்கி முந்தானையில் முடிவார், போய்விடுவார்.

என் மூத்த மகள் எட்டாவது படித்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. முல்லையாற்றில் தண்ணீர் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சித்திரை பாதியில் ஒரு நாள், குளிரூட்டும் நிலையத்துக்குப் போன எங்கள் கேன்களில் ஒன்று திரும்பி வந்தது. பால் திரிந்துவிட்டதாம். லாரிக்காரர் கேனை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அவ்வளவு பாலையும் தென்னை மூட்டில் கொட்டினோம். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு கேன். அப்புறம் வாரத்துக்கு மூன்று. ஒவ்வொரு தடவையும் அது காலையில் முதலில் நிரம்பிய கேனாகவே இருந்தது.

நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பொறுமையான மனிதர். கண்ணாடிக் குழாய்களும் ஒரு குப்பி நீல மருந்தும் கொண்டுவந்திருந்தார். குழாயில் பாலை ஊற்றி, அந்த மருந்தில் ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் நிறுத்தச் சொன்னார். பால் சங்குப்பூ நிறத்துக்கு மாறியது. பாலில் கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் நீலம் மறைந்து வெள்ளையாகிவிடும் என்றார். நல்ல பால் மதியம் தாண்டியும் நீலமாகவே நிற்கும். கெட்ட பால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியாகப் பார்த்து, குறை எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லி, சாமான்களை என்னிடம் விட்டுப் போனார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. மறுநாள் முப்பது சொச்சம் பேரின் பாலையும் குழாயில் எடுத்து, நம்பர் ஒட்டி, பெரிய அண்டாவில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து நிறுத்தினேன். அறை முழுக்க நீலம். இருபதாவது நிமிஷம் ஒரு குழாய் மட்டும் அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. நம்பர் பார்த்தேன். ஒன்று. மதினி பால்.

நம்ப முடியவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். மூன்றாம் நாளும் பார்த்தேன். அதே குழாய்தான்.

நான்காம் நாள் காலை மதினி வழக்கம்போல முதலில் நின்றார். துணியை எடுத்துவிட்டுத் தூக்கை நீட்டினார். நான் அகப்பையைக் கையில் எடுக்கவில்லை.

"மதினி, இந்தப் பால எடுக்க முடியாது. டெஸ்ட்டுல நிக்கல."

"எந்த டெஸ்ட்டுல?"

"நீல மருந்து டெஸ்ட்டு. மூணு நாளா ஒங்க பாலுதான் மொதல்ல வெளுக்குது."

அவர் தூக்குக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார். அதில் எதுவும் தெரியவில்லை, தெரியவும் செய்யாது. பின்னால் யாரோ, கேன் ஏன் திரிகிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள். இன்னொருவர் சிரித்தார். மதினி துணியைத் திரும்பப் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டார். வெளியே போக ஒரே வழிதான். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து மதினி வரவில்லை. ஆனால் கேன் மட்டும் மறுபடி திரும்பி வந்தது.

அன்று வரிசையில் முதலில் நின்றவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவர். அவருடைய குழாய் அரை மணி நேரத்தில் வெளுத்தது. முந்தின நாள் வரை மதியத்துக்கு மேலும் நீலமாக நின்ற பால் அது. ஒரே இரவில் ஒருவர் மாடு கெட்டுப்போகுமா? அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. மறுநாள், எப்போதும் கடைசியாக வரும் வாத்தியார் வீட்டம்மாவை முதலில் ஊற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் ஊற்றினார். பட்டாளத்துக்காரரை இரண்டாவதாக நிறுத்தினேன்.

வாத்தியார் வீட்டுக் குழாய் வெளுத்தது. பட்டாளத்துக்காரர் குழாய் நீலமாகவே நின்றது.

நான் அந்தக் குழாய்களின் முன்னால் உட்கார்ந்தபடி என் அகப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்ணமும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஆணி அடித்து முறுக்கியிருந்தது. அதற்குள் ஒரு நூலிழை இடைவெளி. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடைவெளிக்குள் விட்டு இழுத்தேன். மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்தது. எழுந்துபோய் முதல் கேன் மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். அதற்கடியில் கறுப்பாக வழவழப்பு.

சாயங்காலக் கறவைப் பாலை எடுத்து முடித்ததும் கேன், மூடி, அகப்பை எல்லாம் கழுவுவது என் வேலைதான். பிள்ளைகள் பசியோடு காத்திருப்பார்கள் என்ற அவசரத்தில் தொட்டித் தண்ணீரை ஊற்றி அலசி, ஈரத்தோடு கேனை மூடி, அகப்பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவேன். அந்த வெக்கையில் விடிய விடிய அதற்குள் என்ன வளர்ந்ததோ, அது காலையில் முதலில் வருகிறவர் பாலில் இறங்கியிருக்கிறது. அடுத்தடுத்து வந்தவர்கள் பாலுக்குள் அகப்பை முங்க முங்க, அது கழுவப்பட்டுவிட்டது. முதலில் வந்தது மட்டும்தான் மதினி செய்த குற்றம்.

சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வேற யாருக்கும் தெரியுமா? தெரியாதுல்ல. நல்லாக் கழுவி வச்சிட்டு வேலையப் பாரும்மா."

நான் வேலையைப் பார்த்தேன். அதை இன்றும் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். இணைப்பே இல்லாத புது அகப்பை ஒன்று வாங்கினேன். சோடா உப்பும் வெந்நீரும் போட்டு மூடிகளைத் தேய்த்தேன். ரப்பர் வளையங்களை மாற்றினேன். அதோடு கேன் திரிவது நின்றுவிட்டது. அது நின்றதுதான் மதினிக்கு இன்னும் பாதகமாகப் போயிற்று. அந்தம்மா ஊற்றாததால்தான் பால் நன்றாக இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒரு வாரம் ஓடியது.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். தீவனம் விற்கும் ஆள் ஒருவர், வண்டியை நிறுத்தி யார் வீட்டுக்கோ வழி கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: "நேரா போயி, திரிஞ்சபால் வீடு இருக்குல்ல, அதுக்கு அடுத்த சந்து." வெளியூர் ஆளுக்கு அந்த வீடு எது என்று தெரியவில்லை. கடைக்காரர் கை நீட்டிக் காட்டினார்.

நான் பஸ் ஏறவில்லை. அந்த விரல் காட்டிய பக்கம் நடந்தேன்.

மதினி வாசலில் சீமைப்புல் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பை, ஊக்கு, மஞ்சள் படிவு, செயலாளர் சொன்னது, ஒரு வாரம் நான் மறைத்தது. நான் முடித்ததும் அவர் நறுக்கிய புல்லை ஓரமாக ஒதுக்கினார்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னத்தா ஆகப் போகுது? வரிசையில வச்சுத் திருப்புன. வரிசையில வச்சுச் சொல்லு."

சரி என்றேன். திரும்பி நடக்க ஆரம்பித்தபோது அவரே கூப்பிட்டார்.

"எத்தன வருஷமா எம்பாலுக்கு மார்க்குப் போடுற. எந்தொழுவத்த ஒரு நா எட்டிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. யார் வீட்டுத் தொழுவத்தையும் நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேலை போய்விடுமோ என்று அவரும் யோசித்தார். ஆனால் சொல்லாதே என்று தடுக்கவில்லை. மறுநாள் காலை, வரிசை சேர்ந்ததும், பழைய அகப்பையைக் கையில் தூக்கிப் பிடித்தேன். திரிந்தது மதினி வீட்டுப் பால் இல்லை, நான் ஒழுங்காகக் கழுவாத இந்த அகப்பையும் கேன் மூடியும்தான் என்று சொன்னேன். அவரை நான் திருப்பி அனுப்பியது என் தப்பு என்றேன். பட்டாளத்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "அப்ப எம்பாலும் வெளுத்துச்சா?" ஆமாம் என்றேன். "அத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார். அதற்குச் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. செயலாளர் முகம் கறுத்து உள்ளே போய்விட்டார். நிமிர்ந்து பார்த்தபோதுதான் தொட்டி ஓரத்தில் மதினி நிற்பது தெரிந்தது. கையில் தூக்கு இல்லை. கேட்பதற்கு மட்டும் வந்திருக்கிறார். கேட்டு முடித்ததும் போய்விட்டார்.

அடுத்த நாள் பாலோடு வந்தார். வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் வரச் சொல்லிப் பெண்கள் வழிவிட்டபோது, "வேணாத்தா. மொதல்ல நிக்கிறவுகளுக்குத்தான் வம்பு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைச் சங்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கறக்கும் நேரத்துக்கு மதினி தொழுவத்துக்குப் போனேன். காம்புகளை மட்டும் கொஞ்சம் தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். மாட்டுக்கு ஒரு துணி. இரண்டும் வெந்நீரில் போட்டு வெயிலில் காய்ந்த துணிகள். மடி முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் அழுக்கு வழிந்து பாத்திரத்துக்குள்தான் சொட்டும் என்றார். பிறகு, உள்பக்கம் சுரண்டி வழவழப்பாக்கிய கறுத்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலை அதில் விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்பின்மேல் பால் ஓடும்போது சின்னத் திப்பி இருந்தாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் மடிநோய் ஆரம்பம். முன்பு ஒரு மாட்டுக்கு அது முற்றிப்போய் ஒரு காம்பே அடைத்துப்போனதாம். அதற்குப் பிறகு இது அவராகவே கண்டுபிடித்துக்கொண்ட வழி.

கறந்து முடித்ததும் மாடு படுத்துவிடாமல் முன்னால் புல்லை அள்ளிப் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கறந்த ஒடன காம்புக் கண்ணு தொறந்துருக்கும். சாணியில படுத்தா அழுக்கு ஏறிரும். அர மணி நேரம் நின்னு திங்கட்டும்."

அதிகாரி கொடுத்த கையேட்டில் இருந்தது எல்லாம் அந்தத் தொழுவத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. நடுவில் விரல் வழுக்க வேண்டும் என்பதற்காக அவர் பாலிலேயே விரலைத் தொட்டுத் தொட்டுக் கறந்தார். சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். சொன்னேன். அந்த விரல் அழுக்கு அப்படியே பாலுக்குள் போகுமே என்றேன். அவர் கையை எடுத்து, விரலைப் பார்த்து, "எங்காத்தா காலத்துல இருந்து இப்படித்தான் கறக்கோம்" என்றார். பிறகு துணியில் கையைத் துடைத்துவிட்டு, உலர்ந்த கையால் மொத்தக் காம்பையும் பிடித்துக் கறந்து பார்த்தார். முதலில் மாடு காலை உதறியது. பத்து நாளில் பழகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். மத்தியான நேரங்களில் நானும் மதினியும் ஒவ்வொரு தொழுவமாகப் போவோம். குடத்தில் கறந்தவர்களை வாய் அகன்ற பாத்திரத்துக்கு மாற்றினோம். குடத்துக்குள் கை போகாது, கழுவ முடியாது. ஜீப்புக்குப் போகும் பெண்களின் பாலைப் பாத்திரத்தோடு தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி வைக்கச் சொன்னோம். நான் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். மதினி பேச மாட்டார். உட்கார்ந்து கறந்து காட்டுவார். அதற்கு மதிப்பு இருந்தது. ஆடி மாதக் காற்று கணவாய்ப் பக்கமிருந்து புழுதியை வாரி அடிக்கும். சேலையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நடப்போம். எந்த வீட்டுக்குப் போனாலும் எங்களுக்கு வரக்காப்பிதான் கிடைக்கும். பால் எல்லாம் சங்கத்துக்குப் போய்விட்டதே. மாட்டுக்காரர் வீட்டில் பால் ஊற்றாத காப்பி குடிப்பதைப் பற்றி மதினி ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்கவைப்பார். பேசாத ஆள் என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு.

இரண்டு வருஷத்தில் ஊரில் சிரட்டை இல்லாத தொழுவம் இல்லை. கேன்களை இரும்புச் சட்டத்தில் கவிழ்த்து வெயிலில் காயவைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்து மோந்து பார்க்கலாம். பட்டாளத்துக்காரர் தினமும் மோந்து பார்த்தார். வாரம் ஒருமுறை நீல மருந்து வைப்பேன். பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, தங்கள் குழாய் இன்னும் நீலமாக நிற்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்று முகம் கறுத்துப் போன செயலாளர்கூட, பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர்கள் பார்க்க வந்தபோது எல்லாம் தானே செய்ததுபோல விளக்கினார். அது எனக்கு வலிக்கவில்லை.

திரிஞ்சபால் வீடு என்ற பேர் உடனே போய்விடவில்லை. ஊர் வாய் லேசில் மாறாது. யாராவது அப்படிச் சொன்னால் நான் நின்று திருத்துவேன். ஐந்தாறு வருஷம் திருத்தினேன் என்று நினைக்கிறேன். ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது, அதைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பின்னால் சங்கத்துக்குக் குளிரூட்டும் தொட்டியே வந்தது. பாலை ஊற்றியதும் மெஷின் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முழங்கால் வலியால் நான் வேலையை விட்டேன். இப்போது அங்கே ஒரு படித்த பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. மதினி கணவர் எஸ்டேட் வேலையை முடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டார். ஒரு மாட்டை விற்று, ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள்.

போன தை மாதம் மதினி பேத்திக்குக் காது குத்து. போயிருந்தேன். பந்திக்கு முன்னால் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் நடுவில் உட்காரவைத்தார். யார் இது என்று கேட்டவர்களிடம், "நம்ம டெஸ்டரம்மா. எங்களுக்கு ஒறவுதான்" என்று சொன்னார். சாயங்காலம் மருமகள் கறக்கிற நேரம் நாங்கள் இருவரும் தொழுவத்துக்கு வெளியே நின்று, அவரவர் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கன்று ஒன்று என் சேலையை நக்கியது. தேனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். நான்தான் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தேன்.